ஒரே சென்சர், இரண்டு விலை: கமராத் தெரிவும் எங்கட வரலாறும்

கமரா வாங்க நினைக்கிற ஆரோட கதைச்சாலும் முதல் கேள்வி ஒண்டுதான்: "ஆரம்ப நிலைக் கமரா காணுமா, இல்லாட்டி இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து நடுத்தரமா ஒண்டு எடுக்கிறதா?" புதுக்குடியிருப்பில கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு படம் எடுத்து உழைக்க நினைக்கிற பெடியள் பெட்டையளுக்கும் இதே குழப்பம்தான். இந்த இரண்டு தட்டும் எப்படி வந்தது எண்டு தெரிஞ்சால் குழப்பம் பாதி தீர்ந்திடும்.

முதலில் தட்டு எண்டே ஒண்டும் இருக்கவில்லை. 1975 இல் கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கமரா ஏறத்தாழ 3.6 கிலோ எடை. 0.01 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை கசற்றில் பதிய 23 செக்கன் எடுத்தது. 1991 இல் கொடாக், நிக்கோன் எஃப்3 கமராவின் உடலில் 1.3 மெகாபிக்சல் சென்சரைப் பொருத்தி விற்றது. விலை சுமார் 20,000 டொலர், படம் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகச் சுமக்க வேணும். 1999 இல் வந்த நிக்கோன் டி1 சுமார் 5,000 டொலர். பெரிய பத்திரிகைகளும் செய்தி நிறுவனங்களும்தான் இதுகளை வாங்கின.

மாற்றம் 2003 இல் வந்தது. அந்த வருசத் தொடக்கத்தில் கனொன் 10டி கமராவை சுமார் 1,500 டொலருக்கு வெளியிட்டது. சில மாதங்கள் கழித்து அதே கொம்பனி 300டியை 900 டொலருக்கு விட்டது. இரண்டிலும் 6.3 மெகாபிக்சல் சென்சர், படத்தைச் செயலாக்கும் சிப்பும் ஒன்றே. அப்ப 600 டொலர் எதுக்கு? 10டிக்கு உலோக உடல், 300டிக்கு பிளாஸ்ரிக். 10டியில் தொடர்ந்து 9 படம் அடிக்கலாம், 300டி 4 படத்தோட மூச்சு வாங்கும். இன்னும் சில வசதிகள் மென்பொருளில் மட்டும் பூட்டப்பட்டிருந்தன. கொஞ்சக் காலத்திலேயே பாவனையாளர்கள் அந்த மென்பொருளை மாற்றி, பூட்டைத் திறந்துபோட்டினம். "ஆரம்ப நிலை" எண்ட பெயர் பாதி பொறியியல், பாதி வியாபாரம் எண்டது அப்பவே வெளிச்சமாகிவிட்டது.

இண்டைக்கும் கதை பெரிசா மாறேல்லை. 2018 இல் வந்த ஆரம்ப நிலை நிக்கோன் டி3500க்கு 24.2 மெகாபிக்சல். அதுக்கு மேல் தட்டில் இருக்கிற, 2017 இல் வந்த டி7500க்கு 20.9 தான். கூடின காசு மெகாபிக்சலுக்குப் போகவில்லை. ஒரு செக்கனுக்கு 5 படத்துக்குப் பதிலாக 8, இரண்டு கட்டுப்பாட்டுச் சில்லு, தூசி ஈரம் உள்ளே போகாத அடைப்பு, பழைய லென்ஸையும் தானாகக் குவியவைக்கும் மோட்டர், இதுகளுக்குத்தான் போனது. எங்கட செம்மண் புழுதியில் தூசி அடைப்பு சும்மா விசயமில்லை. ஆனால் நிழலில் இருக்கிற அம்மம்மாவின் முகத்தை எடுக்க இரண்டும் ஒண்டுதான்.

இந்த வரலாறு வன்னிக்கு வேற மாதிரி வந்து சேர்ந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். பற்றரி இல்லாத இடத்தில் கமரா வெறும் பெட்டி. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது, ஏ9 வீதி திறந்தது. உலகத்தில் டிஜிட்டல் கமரா மலிஞ்ச 2003 எங்களுக்கும் வீதி திறந்திருந்த காலம். 2006 ஓகஸ்டில் வீதி திரும்பவும் மூடியது. நடுவில் கிடைத்தது நாலு வருசமும் கொஞ்சமும்தான்.

பிறகு 2009. சுயாதீன ஊடகவியலாளர்கள் போர்ப் பகுதிக்குள் அனுமதிக்கப்படவில்லை. உள்ளே அகப்பட்டிருந்தவர்களின் சிறிய கமராக்களும் படையினரின் கைத்தொலைபேசிகளும் பதிந்ததுதான் பிறகு உலகம் பார்த்த சாட்சியம். அந்த வருச ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய, கைதிகள் சுடப்படும் காணொளியை அரசு போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், மூன்று நிபுணர்களின் ஆய்வு அது உண்மையானது என்பதையே வலுவாகக் காட்டுவதாகச் சொன்னார். விலை உயர்ந்த எந்தக் கமராவும் அங்கே நிற்கவில்லை. கையில் இருந்தது பதிந்தது, யாரோ ஒருவர் அதைப் பத்திரமா வைச்சிருந்தார்.

பத்திரப்படுத்த முடியாமல் போனதுதான் கூட. புதுக்குடியிருப்பை விட்டு மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு ஓடேக்க அல்பங்கள் வீட்டோட போயிற்று. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிலும் மார்ச் 8 இல் முல்லைத்தீவிலும் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் அம்மாமார் நெஞ்சோட பிடிச்சிருக்கிற படங்களைக் கவனிச்சுப் பாருங்கோ. பல படங்கள் அடையாள அட்டை அளவில் எடுத்ததைப் பெரிசாக்கினவை, ஓரம் மங்கினவை. அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு படம்தான் மிச்சம்.

இதையெல்லாம் வைச்சுக்கொண்டு கடைக்குப் போவம். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா, மே மாதத்தில் சுமார் 360. 500 டொலர் கமரா ஒரு லட்சத்திலிருந்து 1,80,000க்கு ஏறின மாதிரி. இந்த நிலையில் தட்டின் பெயருக்குக் காசு குடுக்க ஏலாது. கலியாணவீட்டுத் தொழில் செய்யிறவர், மழையிலும் புழுதியிலும் ஓடி ஓடி எடுக்கிறவர் நடுத்தரத்துக்குப் போகலாம், அந்தக் காசு உழைப்பில் திரும்பி வரும். வாங்க முன்னம் இரண்டு மெமரி காட் போட இடமிருக்கா எண்டும் பாருங்கோ, எல்லா நடுத்தரக் கமராவிலும் இல்லை. டி7500இலும் ஒண்டுதான்.

மற்ற எல்லாருக்கும் ஆரம்ப நிலை காணும், பாவிச்சதெண்டாலும் பழுதில்லை. மிச்சக் காசில் ஒரு 50 மில்லிமீற்றர் எஃப்1.8 லென்ஸ் எடுங்கோ, வெளிச்சம் குறைஞ்ச வீட்டுக்குள்ளயும் முகம் வடிவா விழும். டி3500 மாதிரி உடலில் மோட்டர் இல்லாததுக்கு, மோட்டர் உள்ள லென்ஸாப் பார்த்து எடுக்க வேணும். அதோட இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒண்டு உங்கட வீட்டில, மற்றது வேற ஊரில இருக்கிற சொந்தக்காரர் வீட்டில. எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஆர், எங்க, எப்ப எண்டு எழுதி வையுங்கோ. இருவது வருசம் கழிச்சு ஒருத்தர் அந்தப் படத்தைத் தேடி வந்தால், எந்தக் கமராவில எடுத்தது எண்டு அவர் கேக்கமாட்டார்.