புளிச்சா உஷார்: விஸ்கி பீப்பாயில் ஊறும் கறுப்பு பீர்

பார்க்க டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் வெனிலா வாசனை. எசென்ஸ் எதுவும் கலக்கலை, எல்லாம் மரம் செய்யும் வேலை.

அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி பர்பனுக்கு ஆகாது. அந்தக் காலி பீப்பாய்களில் 'ஸ்டவுட்' எனும் கறுப்பு பீரை மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் நிறுவனம் 1990களிலேயே இதைத் தொடங்கிவிட்டது.

ருசி பார்ப்பவர்கள் இதை ஜில்லென்று குடிப்பதில்லை. குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். சின்ன கிளாசில் கொஞ்சமா ஊற்றி, குளிர் குறையும்வரை காத்திருப்பார்கள். முதலில் சாக்லேட், பிறகு கருக வறுத்த பார்லியின் கசப்பு, கடைசியில் தொண்டையில் விஸ்கி சூடு. வழக்கமான பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் இதில் 14 வரை போகும்.

புளிப்பு தட்டினால்தான் சிக்கல். மரத்தின் துளைகளில் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை முழுசா கழுவி எடுக்க முடியாது. கூஸ் ஐலண்டின் 2015 தயாரிப்பில் சில பாட்டில்கள் அப்படித்தான் புளித்துப்போயின. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பீரைச் சூடாக்கி, கிருமி நீக்கிய பிறகே பாட்டிலில் அடைத்தார்கள்.