ஐஸ்லாந்து வட்டச் சாலை

வட்டச் சாலை (ஐஸ்லாந்து மொழியில் ஹிரிங்வேகுர்) என்பது ஐஸ்லாந்துத் தீவைச் சுற்றி வரும் தேசிய நெடுஞ்சாலை ஆகும். அரசு ஆவணங்களில் இது 1ஆம் எண் சாலை எனக் குறிப்பிடப்படுகிறது. இதன் நீளம் 1,300 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகும். சுரங்கங்களும் பாலங்களும் புதிதாகக் கட்டப்படும்போதெல்லாம் வழி மாறுவதால், நூல்களில் காணப்படும் நீளங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. தலைநகர் ரெய்க்யவிக், வடக்கிலுள்ள அக்குரேரி, கிழக்கிலுள்ள எகில்ஸ்ஸ்தாதிர், தென்கிழக்கிலுள்ள ஹோப்ன், தெற்கிலுள்ள வீக் ஆகிய ஊர்களை இது இணைக்கிறது.

ஐஸ்லாந்தில் தொடர்வண்டிப் போக்குவரத்து இல்லை. ஆகவே தீவைச் சுற்றிப் பார்க்க வரும் பயணிகளில் பெரும்பாலோர் மகிழுந்தை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டுகின்றனர். அயல்நாடொன்றில் முதன்முறையாக வாகனம் ஓட்டுவோர் பலர் தேர்ந்தெடுக்கும் சாலைகளுள் இதுவும் ஒன்று. போக்குவரத்து குறைவு, வழி தவறுவதும் கடினம் என்பதால் இது எளிய சாலையாகத் தோன்றும். காற்று, ஒற்றைவழிப் பாலங்கள், பனி ஆகியவற்றைக் கணக்கில் கொண்டால் அக்கருத்து பாதி மட்டுமே சரியாகும்.

வரலாறு

தீவின் பெரும்பகுதியில் சாலை அமைந்த பின்னரும் தென்கிழக்கில் ஓர் இடைவெளி நெடுங்காலம் நீடித்தது. வாட்னயோக்குல் பனியாற்றிலிருந்து இறங்கும் ஆறுகள் ஸ்கெய்தரார்சாந்துர் எனும் மணல்வெளியில் அடிக்கடி தடம் மாறிப் பாய்ந்தமையால், அங்கே நிலையான பாலம் கட்டுவது இயலாது எனக் கருதப்பட்டது. மணல்வெளிக்குக் கிழக்கேயுள்ள ஓரைவி வட்டார மக்கள் வாகனத்தில் தலைநகருக்குச் செல்ல வேண்டுமாயின், வடக்கு வழியாகத் தீவை ஏறத்தாழ முழுவதும் சுற்ற வேண்டியிருந்தது. சீட்டுக் குலுக்கலுடன் கூடிய கடன் பத்திரங்களைப் பொதுமக்களுக்கு விற்றுப் பாலங்களுக்கான நிதி திரட்டப்பட்டது. தீவில் மக்கள் குடியேறிய 1,100ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட 1974ஆம் ஆண்டில், சூலை 14 அன்று ஸ்கெய்தரா ஆற்றுப் பாலம் திறக்கப்பட்டது. அன்றுதான் சாலை வட்டமாயிற்று.

ஆயினும் அந்தப் பாலம் கால் நூற்றாண்டு கூட முழுமையாக நிற்கவில்லை. 1996 செப்டம்பர் இறுதியில் வாட்னயோக்குல் பனிக்கட்டியின் அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் எனும் பள்ளத்தில் ஐந்து வாரங்கள் தேங்கி, நவம்பர் 5 அன்று ஒரேயடியாக வெளியேறியது. இவ்வகை வெள்ளத்தை ஐஸ்லாந்தியர் யோக்குல்லவுப் என்பர். உலகெங்கும் நிலவியலாளர்கள் இச்சொல்லையே பயன்படுத்துகின்றனர். வீடளவு பனிப்பாறைகள் அடித்து வரப்பட்டன. கீக்யுக்விஸ்ல் ஆற்றுப் பாலம் முற்றிலும் அழிந்தது. ஸ்கெய்தரா பாலத்தின் ஒரு பகுதி பெயர்ந்து போனது. வெள்ளத்தை முன்கூட்டியே எதிர்பார்த்துச் சாலை மூடப்பட்டிருந்ததால் உயிரிழப்பு ஏதும் நேரவில்லை. சில வாரங்களிலேயே தற்காலிகப் பாலம் அமைத்துச் சாலையைத் திறந்துவிட்டனர். முறுக்கிய இரும்பு உத்திரங்கள் சில இன்றும் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ளன.

2010 ஏப்ரலில் ஏயாபியாட்லயோக்குல் எரிமலை வெடித்தபோது, மார்கார்ப்லியோட் ஆற்றுப் பாலத்தைக் காப்பதற்காகச் சாலைத் துறையினரே சாலையை வெட்டி வெள்ளத்துக்கு வழிவிட்டனர். 2011 சூலையில் மூலக்விஸ்ல் ஆற்றுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலம் கட்டப்படும் வரை மகிழுந்துகள் பெரிய சரக்குந்துகளில் ஏற்றி ஆற்றைக் கடத்தப்பட்டன.

வலப்பக்கத்துக்கு மாறுதல்

ஐஸ்லாந்தில் முன்னர் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமே சென்றன. வலப்பக்கத்துக்கு மாறுவதற்கான சட்டம் 1940இலேயே இயற்றப்பட்டது. ஆனால் அவ்வாண்டு பிரித்தானியப் படைகள் தீவைக் கைப்பற்றியதால் அது தள்ளிப்போடப்பட்டது. சுவீடன் 1967இல் மாறிய பின், 1968 மே 26 அன்று காலை 6 மணிக்கு ஐஸ்லாந்தும் மாறியது. அன்று பதிவான ஒரே காயம், மிதிவண்டியில் சென்ற சிறுவன் ஒருவனின் கால்முறிவு ஆகும்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரித்தானியா ஆகிய நாடுகளில் ஓட்டிப் பழகியோருக்கு இம்மாற்றம் இன்றும் ஒவ்வொரு பயணத்திலும் புதிதாக நேர்கிறது. நேரான சாலையில் சிக்கல் எழுவது அரிது. எரிபொருள் நிலையத்திலிருந்து வெளியேறும்போதும், ஆளில்லாச் சாலையில் நிறுத்திவிட்டு மீண்டும் கிளம்பும்போதும், இடப்புறம் திரும்பும்போதும்தான் பழைய பழக்கம் தலைதூக்கும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருப்பதால், சாலையின் நடுக்கோடு எப்போதும் ஓட்டுநரின் பக்கமாகவே இருக்க வேண்டும் என்பது எளிய நினைவூட்டல்.

உரிமமும் வாடகையும்

இலத்தீன் எழுத்தில் அச்சிடப்பட்டு, ஒளிப்படமும் உரிம எண்ணும் கொண்ட செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் போதுமானது. உரிமம் வேறு எழுத்தில் இருப்பின் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி தேவை. அவ்வனுமதி உரிமத்தின் மொழிபெயர்ப்புப் போன்றதே. மூல உரிமம் இல்லாமல் தனியே அதற்கு மதிப்பில்லை. வாடகை நிறுவனங்கள் பொதுவாக 20 அகவை நிறைவையும், உரிமம் பெற்றுக் குறைந்தது ஓராண்டு கடந்திருப்பதையும் எதிர்பார்க்கின்றன. நாற்சக்கர இயக்க வாகனங்களுக்கு அகவை வரம்பு கூடுதலாக இருக்கலாம். ஆகவே புதிதாக உரிமம் பெற்றவர் சில மாதங்களிலேயே இங்கு வந்து ஓட்டத் திட்டமிட்டால், வானூர்திச் சீட்டு வாங்கும் முன் இதனைச் சரிபார்ப்பது நலம்.

காப்பீட்டில் சரளைக்கல், மணல் மற்றும் சாம்பல் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருப்பது வெளிநாட்டவருக்கு வியப்பளிக்கும். ஸ்கெய்தரார்சாந்துர், மீர்தால்ஸ்சாந்துர் ஆகிய மணல்வெளிகளில் புயல் வீசும்போது மணல் மகிழுந்தின் வண்ணப்பூச்சையே அராவிவிடும். காற்றில் கதவு பிய்ந்து போவது மிகச் சாதாரணமான சேதம் என்றாலும், அது பெரும்பாலும் காப்பீட்டில் அடங்காது. வாகனத்தைக் காற்றை நோக்கி நிறுத்தி, கதவைக் கையால் பற்றிக்கொண்டே திறப்பது உள்ளூர் வழக்கம். ஆற்றைக் கடக்கையில் நேரும் சேதத்துக்கும் பொதுவாகக் காப்பீடு இல்லை.

சாலை விதிகள்

வேக வரம்பு ஊர்களுக்குள் மணிக்கு 50 கி.மீ., சரளைச் சாலையில் 80 கி.மீ., தார்ச் சாலையில் 90 கி.மீ. ஆகும். பகலிலும் முகப்பு விளக்குகள் எரிய வேண்டும். இருக்கைப் பட்டை அனைவருக்கும் கட்டாயம். 2020 முதல் குருதியில் மது அளவின் வரம்பு 0.2 புரோமில் ஆகக் குறைக்கப்பட்டது. சாலைக்கு வெளியே நிலத்தில் ஓட்டுவது குற்றமாகும். அங்கே பாசியும் மண்ணும் சிதைந்தால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இரு தடங்கள் கொண்ட சுற்றுச் சந்திகளில் உள்தடத்தில் இருப்பவருக்கே வெளியேற முன்னுரிமை உண்டு. பிற நாடுகளில் காணப்படாத இவ்விதி ரெய்க்யவிக்கைத் தாண்டும் முன்பே புதியவர்களைத் தடுமாறச் செய்கிறது. நகரை விட்டு வெளியேறும் வரை வெளித்தடத்தில், அடுத்த வழியில் வெளியேறும்போது மட்டும் செல்வது பாதுகாப்பானது.

ஒற்றைவழிப் பாலங்கள்

எயின்பிரெய்த் புரூ என எழுதப்பட்ட மஞ்சள் அறிவிப்புப் பலகை, ஒரு வாகனம் மட்டுமே செல்லக்கூடிய பாலம் வருவதைக் குறிக்கும். 2010களின் இறுதியில் வட்டச் சாலையில் இத்தகைய பாலங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. பாலத்துக்கு அருகில் முதலில் வந்தவர் முதலில் செல்வது வழக்கம். ஆனால் எதிரில் வருபவரும் வெளிநாட்டுப் பயணியாக இருக்கக்கூடும் என்பதால் வழக்கத்தை நம்பிப் பாய்வது கூடாது. வேகம் குறைத்து, எதிர்முனையைப் பார்த்து, ஐயம் இருப்பின் நின்று வழிவிடுவதே முறை.

2018 திசம்பர் 27 அன்று நூப்ஸ்வோட்ன் ஆற்றின் ஒற்றைவழிப் பாலத்தில் பிரித்தானியாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தினரின் வாகனம் கைப்பிடியை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. கைக்குழந்தை உட்பட மூவர் இறந்தனர். இந்நிகழ்வுக்குப் பின் ஒற்றைவழிப் பாலங்களை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை நாட்டில் வலுத்தது. அவ்விடத்தில் பின்னர் இருவழிப் பாலம் கட்டப்பட்டுள்ளது. ஸ்கெய்தரா பாலமும் இன்று பயன்பாட்டில் இல்லை. பனியாறு பின்வாங்கியதால் ஆறு வேறு பக்கம் திரும்பிவிட, நீரற்று நின்ற நெடும்பாலத்துக்குப் பதில் 2017இல் அருகிலேயே சிறு பாலம் திறக்கப்பட்டது.

பிளிண்ட்ஹைத் என்னும் பலகை, மேட்டின் மறுபுறம் தெரியாது என்பதை உணர்த்தும். கோடையில் ஆடுகள் வேலியின்றி மேய்கின்றன. தாய் ஆடு சாலையின் ஒரு புறமும் குட்டி மறுபுறமும் நின்றால், அவற்றுள் ஒன்று சாலையைக் கடந்து ஓடும் என்றே கொள்ள வேண்டும். செப்டம்பரில் ஆடுகளை மலையிலிருந்து திரட்டிக் கொணரும்போது சாலையே மந்தையால் நிறைந்துவிடும்.

வழியும் நாட்களும்

ரெய்க்யவிக்கிலிருந்து வீக் 187 கி.மீ.; அக்குரேரி 388 கி.மீ. கணக்குப்படி முழு வட்டத்தையும் 15 அல்லது 16 மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். நடைமுறையில் ஏழு முதல் பத்து நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. புதிய ஓட்டுநர்களின் திட்டங்களில் காணப்படும் பெரும் பிழை, நாளொன்றுக்கு 400 கி.மீ. என வகுத்துக்கொள்வதாகும். சோர்வுடன் ஓட்டும் கடைசி ஒரு மணி நேரமே அவற்றில் மிக ஆபத்தானது. கிழக்கு உயர்நிலத்தில் மீவட்ன் ஏரிக்கும் எகில்ஸ்ஸ்தாதிருக்கும் இடையே 160 கி.மீ.க்கு மேல் ஊர்கள் கிட்டத்தட்ட இல்லை. ஆளில்லா எரிபொருள் நிலையங்களில் இரகசிய எண் கொண்ட வங்கி அட்டை தேவைப்படும்.

1998இல் திறக்கப்பட்ட 5.8 கி.மீ. நீளமுள்ள ஹ்வால்பியோர்துர் கடலடிச் சுரங்கத்தில் 2018 செப்டம்பர் வரை கட்டணம் வாங்கப்பட்டது. அக்குரேரிக்குக் கிழக்கேயுள்ள 7.4 கி.மீ. நீள வாத்லஹெய்தி சுரங்கம் தோண்டப்படும்போது வெந்நீர் பீறிட்டதால் பணி பல ஆண்டுகள் தாமதமாகி, 2018 இறுதியில்தான் வாகனங்கள் செல்லத் தொடங்கின. இங்குக் கட்டணச் சாவடி கிடையாது. இணையம் வழியே செலுத்த வேண்டும்.

2019இல் பெருபியோர்துர் கடற்கழியின் தலைப்பகுதிக்குத் தார் இடப்பட்டதோடு வட்டச் சாலை முழுவதும் தார்ச் சாலையானது. கிளைச் சாலைகள் பல இன்றும் சரளையே. தாரிலிருந்து சரளைக்கு அதே வேகத்தில் இறங்கும்போது வாகனம் வழுக்கிக் கவிழ்வது புதியவர்களுக்கு நேரும் விபத்துகளுள் முக்கியமானது.

பருவநிலை

சூனில் இரவிலும் இருட்டுவதில்லை. திசம்பரில் ரெய்க்யவிக்கில் பகல் நான்கு மணி நேரமே. குளிர்காலத்தில் ஹோல்ட்டவார்துஹெய்தி, ஓக்ஸ்னதால்ஸ்ஹெய்தி ஆகிய கணவாய்கள் சில மணி நேர முன்னறிவிப்பில் மூடப்படும். ஆகவே முதன்முறை ஓட்டுவோருக்குச் சூன் முதல் ஆகத்து வரையே ஏற்ற காலம். 2017 இறுதி முதல் வானிலை எச்சரிக்கைகள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் வெளியிடப்படுகின்றன. சாலைத் துறையின் இணையத்தளத்தில் ஒவ்வொரு பகுதியின் நிலையும் நிறவாரியாகக் காட்டப்படும். அவசர உதவிக்கு 112 எண்ணை அழைக்க வேண்டும்.

வழிகாட்டிக் கருவிகள்

2016இல் அமெரிக்கப் பயணி ஒருவர் ரெய்க்யவிக்கின் லவுகவேகுர் தெருவிலுள்ள விடுதிக்குச் செல்ல முயன்றார். தெருவின் பெயரில் ஓரெழுத்து கூடுதலாகப் பதிவாகியிருந்ததால், வழிகாட்டிக் கருவி அவரை வடகோடியிலுள்ள சிக்லுபியோர்துர் எனும் ஊருக்கு, 400 கி.மீ.க்கு அப்பால் கொண்டு சேர்த்தது. அவர் அங்கே அன்புடன் வரவேற்கப்பட்டார். எல்லோருக்கும் இவ்வாறு முடிவதில்லை. கிழக்கில் இக்கருவிகள் குறுக்கு வழி எனக் காட்டும் 939ஆம் எண் ஓக்சி சாலை, வட்டச் சாலையைவிட 60 கி.மீ.க்கு மேல் குறைவானது, ஆனால் தடுப்புகளற்ற செங்குத்தான சரளை மலைப்பாதை, குளிர்காலத்தில் மூடப்படுவது. மூடுபனி சூழும் நாட்களில் உள்ளூர் மக்களும் அதைத் தவிர்த்துக் கடலோரமாகவே சுற்றிச் செல்கின்றனர்.