அந்தமானில் பதிவான 46 பாடல்கள்: பாடியவர் மறைந்த பிறகு பாட்டு யாருக்குச் சொந்தம்?

2010 ஜனவரி 26. நாடு குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று, அந்தமானில் போவா சீனியர் என்ற மூதாட்டி காலமானார். வயது சுமார் 85. 'போ' என்ற மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர்தான். அவரோடு அந்த மொழியும் போய்விட்டது.

ஆனால் அவருடைய குரல் போகவில்லை. அவர் பாடியதை மொழியியலாளர்கள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் நானும் இன்று அதைக் கேட்க முடியும். சரி, கேட்கலாம். அதையே ஒரு இசைக்குழு எடுத்து, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் சேர்த்துப் பாடினால்? அந்தப் பாட்டு யாருடையது?

இது புதுக் கேள்வி இல்லை. ப்ளூஸ்-ராக் இசைக்குழுக்கள் நீதிமன்றம் வரை போய்ப் பதில் தேடிய கேள்விதான். அந்தக் கதையையும் பார்ப்போம். முதலில் அந்தமான்.

யார் இந்த போவா சீனியர்?

'கிரேட் அந்தமானியர்' என்று சொல்லப்படும் பழங்குடியினர் ஒரு காலத்தில் பத்துக் குழுக்களாக வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி மொழி. அதில் ஒன்றுதான் போ.

1858-ல் ஆங்கிலேயர்கள் போர்ட் பிளேரில் கைதிகளுக்கான குடியிருப்பை அமைத்தபோது, இந்த மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தட்டம்மை, மேகநோய் போன்ற நோய்கள் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் வெறும் 19 பேர். பிறகு அரசு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. பிள்ளைகள் இந்தி பேசி வளர்ந்தார்கள்.

2004 சுனாமியிலும் உயிர் தப்பியவர் போவா. ஆனால் தன் மொழியில் ஒரு வார்த்தை பேச, பதில் சொல்ல, கடைசி ஆண்டுகளில் அவருக்கு யாருமே இல்லை.

பாட்டைப் பதிவு செய்தது யார்?

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மொழியியலாளர் அன்விதா அப்பி. 2005 முதல் இந்த மொழிகளைப் பதிவு செய்யும் திட்டத்தை அவர் நடத்தினார். போவா, நாவோ ஜூனியர் போன்ற மூத்தவர்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, சொற்களும் கதைகளும் பாட்டுகளும் சேர்ந்தன. 2012-ல் அகராதி வந்தது. 2021-ல் 10 கதைகளும் 46 பாடல்களும் அடங்கிய புத்தகம் வெளியானது. அவற்றின் ஒலி, ஒளிப்பதிவுகளும் கூடவே வந்தன.

அந்தமான் இசையைப் பற்றி எழுதியதில் இது முதல் முயற்சி இல்லை. ஆங்கிலேய அதிகாரி எம்.வி. போர்ட்மேன் 1888-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். பாட்டுக்கான கருவி ஒரு மரப்பலகை. கேடயம் மாதிரி வளைந்திருக்கும். அதைத் தரையில் போட்டு, பாடுபவர் காலால் தட்டித் தாளம் போடுவார். பெண்கள் தொடையில் கைதட்டிச் சேர்ந்து பாடுவார்கள்.

1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் சொல்லும் ஒரு தகவல்தான் நம் கேள்விக்கு முக்கியம். ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தானே கட்டுவார். ஆட்டத்தில் ஒருவர் கட்டிய பாட்டை இன்னொருவர் பாட மாட்டார். இத்தனைக்கும் எழுதிவைத்த சட்டம் எதுவும் அங்கே கிடையாது.

இதில் ப்ளூஸ்-ராக் எங்கே வந்தது?

அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர் ராபர்ட் ஜான்சன், 1936, 1937 ஆண்டுகளில் மொத்தமே 29 பாட்டுகள்தான் பதிவு செய்தார். 1938-ல், 27 வயதில் இறந்துவிட்டார். 1961-ல் அந்தப் பதிவுகள் எல்.பி. ரெக்கார்டாக வந்தபோது பிரிட்டன் இளைஞர்கள் அதைத் தேயத் தேயக் கேட்டார்கள். எரிக் கிளாப்டன் இருந்த க்ரீம் குழு 1968-ல் வெளியிட்ட 'கிராஸ்ரோட்ஸ்', ஜான்சனின் பாட்டுதான். அவர் பெயரைப் போட்டே வெளியிட்டார்கள்.

எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. லெட் செப்பலின் குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' 1969-ல் வந்தது. அது தான் எழுதிய பாட்டைப் போல இருப்பதாக ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் 1985-ல் வழக்குப் போட்டார். 1987-ல் சமரசம் ஆனது. இன்று அந்தப் பாட்டில் டிக்சன் பெயரும் இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டிக்சன் உயிரோடு இருந்தார், வழக்குப் போட முடிந்தது. போவாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவர் சார்பில் யார் போய்க் கேட்பது?

நம் சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை வெளியான பிறகு 60 ஆண்டுகள். அது பதிவைத் தயாரித்தவருக்கு உரியது. பாடியவருக்கும் தனி உரிமை உண்டு. அது 50 ஆண்டுகள். ஆனால் 'இந்தப் பாட்டு இந்தப் பழங்குடி மக்களுக்குச் சொந்தம்' என்று ஒரு சமூகத்துக்கே உரிமை தரும் தனிப் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. அதாவது, காலக்கெடு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்போ நாம் கேட்கக் கூடாதா?

தாராளமாகக் கேளுங்கள். கேட்கத்தான் அவர்கள் பாடிக்கொடுத்தார்கள். ஆனால் சிலவற்றை மனதில் வையுங்கள்:

பகிரும்போது பாடியவர் பெயரையும், மொழியின் பெயரையும் போடுங்கள். 'அந்தமான் ஆதிவாசிப் பாட்டு' என்று மட்டும் போடாதீர்கள்.

ரீல்ஸுக்குப் பின்னணியாகவோ, ரீமிக்ஸுக்கோ எடுக்கும் முன் கேளுங்கள். பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். கிரேட் அந்தமானியர் சமூகத்தினர் சில டஜன் பேர் இன்றும் வாழ்கிறார்கள். பாட்டு அவர்கள் முன்னோருடையது.

நேரில் போய்ப் பதிவு செய்யலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

ஜான்சனின் 29 பாட்டுகளைக் கேட்டு ஒரு தலைமுறையே கிட்டார் கற்றுக்கொண்டது. அவர் பாடிய ஆங்கிலம் அவர்களுக்குப் புரிந்தது. போவாவின் பாட்டைக் கேட்டுப் புரிந்துகொள்ள அவர் மொழியில் இன்று ஒருவரும் இல்லை; அகராதியும் மொழிபெயர்ப்பும்தான் துணை. அதனால்தான் பாட்டோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.