நயினார் என்னும் நம் பட்டப்பெயர்

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் வாழும் நம் குடும்பங்களுள் பெரும்பாலானவை திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, செய்யாறு வட்டங்களிலிருந்து வந்தவை. பெருவழிச் சாலையும் இருப்புப் பாதையும் ஒருங்கே சென்னைக்குள் நுழையும் வாயில் தாம்பரமே ஆதலின், ஊரிலிருந்து புறப்பட்டவர் முதலில் இறங்கிய இடத்திலேயே வீடு கட்டிக் குடியேறியது இயல்பு. நிலத்தை ஊரில் விட்டு வந்தோம். ஜினாலய வழிபாட்டை உடன்கொணர்ந்தோம். பெயரின் பின்னால் நின்ற ‘நயினார்’ என்னும் சொல்லை மட்டும் வழியில் எங்கோ இறக்கி வைத்துவிட்டோம் போலும். இன்றைய பள்ளிப் பதிவேடுகளில் நம் பிள்ளைகள் ‘ஜெயின்’ ஆகிவிட்டனர். தமிழாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் இச்சொல்லின் வரலாற்றைச் சிறிது ஆராய விழைகின்றேன்.

நாயன் என்றால் தலைவன், கடவுள் என்பது பொருள். அதன் உயர்வுப் பன்மை நாயனார். முதலெழுத்தின் நெடில் குறுகி, நாயனார் என்பதே பேச்சில் நயினார் என்றாயிற்று. தெலுங்கில் தந்தையைக் குறிக்கும் ‘நாயன’ என்பதும், சென்னைத் தெருக்களில் இன்றும் ஒலிக்கும் ‘நைனா’ என்பதும் இதன் சுற்றத்தாரே. நம்மவருள் சிலர், சமண தத்துவம் கூறும் எழுவகை நயங்களை அறிந்தவர் நயினார் என விளக்கம் தருவர். கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆயினும் சொல்லிலக்கணம் அதற்கு இடந்தரவில்லை. நயங்களைப் பற்றி ஒன்றும் அறியாத பிற சமயத்தாரும் இதே சொல்லை ஏந்தியிருப்பதே அதற்குச் சான்று.

சைவர் தம் அடியார் அறுபத்து மூவரை நாயன்மார் என்றனர். வைணவர் ஆசாரிய ஹிருதயம் இயற்றிய ஆசிரியரை அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்றனர். திருக்குறளாசிரியர் பழைய பதிப்புகளில் திருவள்ளுவ நாயனார். பார்க்கவ குலத்தாருள் ஒரு பிரிவினர்க்கும் நயினார் என்பது பட்டம். தென்கடற்கரை இசுலாமியரிடையேயும் இப்பெயர் உண்டு. தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலார் எழுதியவற்றைத் தொகுத்து 1942இல் நூல் வெளியிட்ட சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகம்மது உசேன் நயினார் என்பதை அறிஞருலகம் அறியும். இராமநாதபுரம் மாவட்டத்து நயினார்கோயில் என்னும் ஊர்ப்பெயருக்குக் கூறப்படும் தலக்கதையில், வாய் பேசாதிருந்த இசுலாமியப் பெண்ணொருத்தி இறைவனை நயினாரே என்று அழைத்தாளாம். ஆக, நயினார் என்பது ஒரு சாதிக்கோ சமயத்துக்கோ உரிமைப் பட்டயம் எழுதித் தரப்பட்ட சொல்லன்று. தமிழ்நிலம் முழுவதும் வழங்கிய மரியாதைச் சொல் அது.

அம்மரியாதை நம்மிடையே முதலில் யாருக்கு உரியதாயிருந்தது என்பதற்குப் போளூரை அடுத்த திருமலையிலுள்ள கல்வெட்டொன்று விடை தருகின்றது. இராசநாராயண சம்புவராயரின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1350இல், பொன்னூரைச் சேர்ந்த மண்ணை பொன்னாண்டை என்பாரின் மகள் நல்லாத்தாள் அம்மலையில் ஒரு திருவுருவத்தை எழுந்தருளச் செய்தாள். அவ்வுருவத்தின் பெயர் விகார நாயனார் பொன்னெயில்நாதர். பொன்னெயிலுக்கு நாதர், அதாவது சமவசரணத்தில் வீற்றிருக்கும் அருகதேவர். இங்கு நாயனார் என்பது இறைவனையே சுட்டுகின்றது. திருவுருவம் அமைத்தவளின் தந்தைக்கோ அப்பட்டம் இல்லை. அவர் பெயரில் நிற்பது ‘ஆண்டை’. இறைவனுக்குரியதாயிருந்த அடைமொழி பின்னர் ஊர்ப் பெரியவர்க்கும், அவர் வழியே குடும்பங்களுக்கும் இறங்கி வந்தது என்பதே என் கருத்து. ‘உடையார்’, ‘பெருமாள்’ முதலிய சொற்களும் இவ்வாறு கோயிலுக்கும் குடிக்கும் பொதுவாய் நின்றவையே.

நம் முன்னோர் அனைவரும் நயினார் என்றே எழுதினர் என்று கருதுதல் பொருந்தாது. உடையார், முதலியார், செட்டியார், ராவ், தாஸ் என்று எழுதிய குடும்பங்களும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது சமண சமயக் கருத்துகளை அவருக்கு விளக்கி உதவிய கும்பகோணத்துச் சமணர் சந்திரநாத செட்டியார். அதே வரலாற்றில் இடம்பெறும் மற்றொரு சமணப் புலவர் வீடூர் அப்பாசாமி நயினார். ஒரே நெறி, ஒரே நூற்பயிற்சி. பட்டம் மட்டும் வேறு. இவற்றுள் மற்றவை அண்டை அயலாரோடு நம்மைக் கலந்து காட்டின. திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளில் நயினார் வீடு என்றால் சமணர் வீடு என்று கேட்பவர் உடனே அறிந்துகொண்டனர்.

இதன் வலிமையை விளங்கச் செய்வது நீறுபூசி நயினார் என்னும் தொடர். செஞ்சிப் பகுதியில் சிற்றரசன் ஒருவனால் சமணர் கொல்லப்பட்டதையும், உயிர் தப்பியோர் பலர் திருநீறு பூசிச் சைவராய் வாழ்ந்ததையும், பின்னர் வீரசேனாசாரியர் அவர்களுள் பலரை மீண்டும் நம் நெறிக்கு அழைத்து வந்ததையும் மரபுச் செய்தியாகத் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி 1906இல் பதிவு செய்துள்ளது. மீளாது நின்றவரையும் ஊரார் நயினார் என்றே அழைத்தனர். நெற்றிக்கோலம் மாறியபின்னும் பெயர் அவர்களை விடவில்லை. அந்நாளில் அச்சத்தால் விடாத பெயரை இந்நாளில் வசதிக்காக விட்டுவிட்டோமே என்று எண்ணும்போது சற்றே வருத்தம் தோன்றுகிறது.

விட்டதற்கு நியாயமான காரணமும் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அக்காற்று தமிழகம் முழுவதும் வீசியது. கற்றோர் பலர் முன்னெழுத்தோடு தம் பெயரை நிறுத்திக்கொண்டனர். நீலகேசியை 1936இல் பதிப்பித்தவரும், தமிழில் சமண இலக்கியம் பற்றிய ஆங்கில நூலை 1941இல் வெளியிட்டவருமான பேராசிரியரின் ஆங்கில நூல் முகப்புகளில் அ. சக்கரவர்த்தி என்றே காண்கிறோம். தமிழுலகமோ அவரைச் சக்கரவர்த்தி நயினார் என்றே போற்றியது.

பட்டம் துறந்த இடம் வெறுமையாக நின்றிருந்தால் குறையில்லை. கடவுச்சீட்டு விண்ணப்பமும் கணினிப் படிவங்களும் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கத் தொடங்கின. 2014 சனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டபின், சமயத்தைப் பெயரிலேயே காட்டிவிடுவது நலம் என்று பெற்றோர் பலர் கருதினர். அவ்வாறு வந்ததே ‘ஜெயின்’. சமயத்தைக் காட்டும் பணியை அது செவ்வனே செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பெயரைக் கண்டவுடன் அலுவலர் நம்மிடம் இந்தியில் பேசத் தொடங்குகிறார். எந்த மாநிலம் என வினவுகிறார். வடபுலத்துச் சமணப் பெருமக்கள் நம் உடன்பிறப்புகளே. எனினும் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பதிவான ஏறத்தாழ 89,000 சமணருள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட தொல்குடியினர் எத்தனை பேர் என்பதை மதக்கட்டம் காட்டுவதில்லை. பெயரும் காட்டாவிடில் வேறு எது காட்டும்?

சமயக் கட்டத்தில் சமணம் என்றும், குடும்பப் பெயர்க் கட்டத்தில் நயினார் என்றும் எழுதுவதற்குத் தடை ஏதுமில்லை. சாதிப் பெருமைக்காக இதைக் கூறவில்லை. இச்சொல் சாதியைச் சுட்டாது என்பதை மேலே கண்டோம். உடையார், செட்டியார் என வழங்கிய குடும்பத்தார் தம் மரபுப்படி எழுதலாம்; அதற்கு முன் ஊரிலுள்ள பழைய கிரயப் பத்திரங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் எடுத்துப் பாட்டனார், பூட்டனார் எவ்வாறு ஒப்பமிட்டனர் என்று பார்த்துக் குறித்துக்கொள்வது நன்று. ஓரங்கள் பொடிந்துவரும் தாள்கள் அவை.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் ஒரு வீட்டார் ‘நைனார்’ என ஒலிக்கும்படியும், அடுத்த வீட்டார் ‘நயனார்’ என ஒலிக்கும்படியும் எழுதுகின்றனர். தந்தைக்கு ஒன்றும் மகனுக்கு ஒன்றுமாக அமைந்துவிட்டால், பின்னர் வாரிசுச் சான்றிதழ் பெறும்போது இருவரும் ஒரே குடும்பத்தினர் என்று உறுதிமொழி எழுதித் தர நேரும். பிறப்புச் சான்றிதழில் பெயரைப் பதியும்போதே தந்தையின் ஆவணத்தை அருகில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.