புரட்சியும் மறுமலர்ச்சியும்: ஒராபி பாஷாவும் சித்திலெப்பையும்



நமது திருகோணமலைக் கோட்டையில் எத்தனை கொடிகள் ஏறி இறங்கின என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1639இல் போர்த்துக்கேயரின் கொடி இறங்கி ஒல்லாந்தரின் கொடி ஏறிற்று. 1782ஆம் ஆண்டில் முதலில் ஆங்கிலேயரும், சில மாதங்களில் பிரெஞ்சுக்காரரும் இதனைக் கைப்பற்றினர். 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957 வரை இங்கிருந்தது. கொடி மாறியதனால் மட்டும் கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பிள்ளையேனும் எழுத்தறிந்துவிடவில்லை.

ஆட்சி மாற்றம் வேறு. ஒரு சமூகத்தின் மறுமலர்ச்சி வேறு. இவ்விரு வழிகளிலும் நடந்த இருவர் நம் நாட்டிலேயே ஒன்றுசேர்ந்த வரலாறு ஒன்றுண்டு.

எகிப்தில் விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்து படை அதிகாரியாக உயர்ந்தவர் அஹ்மத் ஒராபி பாஷா. எகிப்து எகிப்தியருக்கே உரியது என்ற முழக்கத்துடன் 1881இல் அவர் எழுந்தபோது ஆட்சியாளர் பணிந்தார். அடுத்த ஆண்டில் ஒராபி போர் அமைச்சரானார். ஆனால் 1882 செப்டெம்பர் 13ஆம் திகதி அதிகாலையில், தல் அல்கபீர் களத்தில், சுமார் ஒரு மணி நேரத்தில் யாவும் முடிந்தன. மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, 1883 ஜனவரியில் தோழர்களுடன் கொழும்பில் வந்திறங்கினார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி முகம்மது காசிம் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளையின் ஈமானுக்கு ஆபத்து நேரும் என்று அக்காலப் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் அதன் விலையாகச் சமூகம் கல்வியிற் பின்தங்கியது. மார்க்கமும் நவீன கல்வியும் ஒருங்கே கிடைக்கும் பாடசாலைகளை நாமே நிறுவவேண்டும் என்பதே சித்திலெப்பை கண்ட வழி. ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை 1885இல் எழுதிய அவர், 1891இல் கண்டியிற் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை அமைத்தார். 1892இல் மருதானையில் ‘அல் மத்ரஸத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமிய்யா’ உருவானபோது, அதற்குத் துணை நின்றவர்களுள் ஒருவர் ஒராபி பாஷா. படை நடத்தியவர் பாடசாலைக்குத் தோள் கொடுத்தார்! (அவரது துருக்கித் தொப்பியும் இங்கே பரவியது. தொப்பி அணிவது எளிது. பாடசாலை நடத்துவது எளிதன்று.)

இதனால் புரட்சி வீண் என்று நான் சொல்லவில்லை. 1952இல் எகிப்தில் ஆட்சியைக் கைப்பற்றிய படை அதிகாரிகள் ஒராபியைத் தம் முன்னோடியாகப் போற்றினர். சித்திலெப்பையின் பணியோ அந்நியர் ஆட்சியின் கீழேயே நடந்தது. அது நாட்டை விடுவிக்கவில்லை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இளைஞர்களே, 2004 ஆழிப்பேரலையையும் 2006 மூதூர் இடப்பெயர்வையும் கண்ட இம்மாவட்டத்தில், யார் ஆட்சிக்கு வந்தால் நமக்கு விடிவு என்று கேட்பது இயல்பே. கேளுங்கள், உரிமையைக் கோருங்கள். ஆனால் மகளின் படிப்பைச் சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்ட வீட்டில் அக்கேள்விக்கு எந்த அரசு விடை தரும்? ஓதுமாறு பணித்தன்றோ முதல் வஹீ இறங்கிற்று!

பெற்றோர்களே, இவ்வழி மெதுவானது. சித்திலெப்பை 1898இல் வபாத்தானார். ரி.பி. ஜாயா அக்கல்விக்கூடத்தின் அதிபராகி அதனைத் தலைநிமிரச் செய்தது 1921க்குப் பின்னரே.

ஒராபி பாஷா 1901இல் தாயகம் திரும்பியபோது எகிப்தில் ஆங்கிலேயப் படையே நின்றது. மருதானையில் பாடசாலை நடந்துகொண்டிருந்தது. அதுவே பின்னர் ஸாஹிரா கல்லூரி எனப் பெயர் பெற்றது. அப்பெயரில் நமது திருகோணமலை நகரிலும் ஒரு கல்லூரி உண்டு.