பேகனும் கண்ணகியும்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை அறியாத தமிழர் இலர். அவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன், ஆவியர் குடித்தலைவன், இன்று பழனி என வழங்கும் பொதினி மலைப்பகுதிக்கு உரியவன். குளிரில் நடுங்குமே என்று மயிலுக்கு இரங்கிய அவ்வள்ளல், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடிச் சென்றான் என்பது நாம் அதிகம் பேசாத செய்தி. இவள் சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் பதிப்பித்த புறநானூற்றில், 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் இவ்வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன.

கபிலர் மலைச்சாரலில் உள்ள ஒரு சீறூருக்குச் சென்று, ஒரு வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் வாழ்த்திப் பாடுகிறார். கேட்ட பெண்ணொருத்தி கண்ணீரை நிறுத்த மாட்டாமல் விம்மி அழுகிறாள். ஊர்விட்டு வந்து வடபுலத்தில் வாழும் நமக்கு இது விளங்காததன்று. அடங்கிவிட்டது என்று நாம் எண்ணியிருக்கும் நினைவை எங்கோ கேட்கும் பழைய பாட்டொன்று எழுப்பிவிடுகிறது அன்றோ?

பரணர் பாடலில் அவளே வாய் திறக்கிறாள். மாலை இருளில் யாழிசைத்துப் பேகனுடைய கானத்தைப் பாடிய பாணர், அழுது நின்றவளை நோக்கி, நீ எம் தலைவனுக்கு உறவோ என வினவுகின்றனர். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தான் அவனுக்கு உறவல்லள் என்கிறாள் அவள். தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, அவன் நாள்தோறும் முல்லைவேலி சூழ்ந்த நல்லூருக்குத் தேரில் வருகிறானாம் என்றும் கூறுகிறாள். இங்கு இரண்டு நுட்பங்களைக் காண்க. உறவை மறுக்கும் அதே மூச்சில், அவனைப் புகழ் விளங்கும் பேகன் என்றே குறிக்கிறாள். மற்றவளையோ பழிக்கவில்லை, தன்னைப் போன்றவள் என்றே சுட்டுகிறாள். வாய் மறுத்த உறவைக் கண்ணீர் ஒப்புக்கொண்டது.

இதன்பின் புலவர் செய்ததே வியப்புக்குரியது. தாம் பசித்து வரவில்லை என்றும், இரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்றும் பரணர் மீண்டும் பாடுகிறார். அதே பாட்டில் மயிலுக்கு அளித்த போர்வையையும் அவனுக்கு நினைவூட்டுகிறார். அரிசில் கிழார் அணிகலனும் செல்வமும் வேண்டாவென்கிறார். தனித்து மழையோசை கேட்டிருக்கும் அவளது எண்ணெய் காணாத கூந்தல் மீண்டும் மலர் சூடும்படி, இன்றே புறப்படுவாயாக என்கிறார் பெருங்குன்றூர் கிழார். புரவலனை நம்பி வாழ்ந்த புலவர் நால்வர், ஒரு பெண்ணின் பொருட்டுப் பரிசிலைத் துறந்து அவன் முகத்துக்கு நேரே அறம் உரைத்தனர்.

பேகன் சென்றானா? இந்த ஐந்து பாடல்களில் விடை இல்லை. கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு, விண்ணப்பங்கள் மட்டும் இருந்து ஆணை காணாத கோப்பினைப் போல் அவை தோன்றுகின்றன. ஆயினும் அவ்விண்ணப்பங்களில் ஒன்றும் கண்ணகி இட்டதன்று. திரும்பி வருக என்று அவள் கேட்டதாக ஒரு சொல்லும் இல்லை. பிறள்பால் சென்ற நெஞ்சைக் கேட்டுப் பெற இயலாது என்பதை அவள் அறிந்திருந்தாள் போலும். அன்பு மட்டும் அவளிடம் எஞ்சியிருந்தது. அதை மறைக்கவும் அவளுக்கு இயலவில்லை.