சிடி4 பிறபொருளெதிரி

சிடி4 பிறபொருளெதிரி என்பது, மாந்த வெண்குருதியணுக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் அமைந்துள்ள சிடி4 என்னும் புரதத்தை இனங்கண்டு அதனுடன் பிணையும் ஆய்வகப் பிறபொருளெதிரி ஆகும். குருதியில் உள்ள உதவி டி உயிரணுக்களை எண்ணுவதற்கும், அவற்றைப் பிற உயிரணுக்களிலிருந்து பிரித்தெடுப்பதற்கும், இழையத் துண்டுகளில் அவற்றின் இருப்பிடத்தைக் காண்பதற்கும் இது பயன்படுகிறது. எச்.ஐ.வி தொற்றுடையோரின் நோய் எதிர்ப்பாற்றலை அளக்கும் "சிடி4 எண்ணிக்கை" என்ற சோதனை இப்பிறபொருளெதிரியை அடிப்படையாகக் கொண்டது.

சிடி4 பிறபொருளெதிரி என்பது ஒரே ஒரு பொருளின் பெயரன்று. ஒரே புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றிக்கொள்ளும் பல பிறபொருளெதிரிகளுக்கு இது பொதுப்பெயராகும். அவை ஒவ்வொன்றும் குளோன் பெயரால் வேறுபடுத்தி அறியப்படுகின்றன. ஓகேடி4, எஸ்கே3, ஆர்பிஏ-டி4 ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

சிடி4 புரதம்

சிடி4 என்பது ஏறத்தாழ 55 கிலோடால்டன் எடையுள்ள கிளைக்கோப்புரதம் ஆகும். முதிர்ந்த நிலையில் இது 433 அமினோ அமிலங்களைக் கொண்டது. இதற்கான மரபணு மாந்தரின் 12ஆம் நிறப்புரியில் உள்ளது. புரதத்தின் பெரும்பகுதி உயிரணுவுக்கு வெளியே நீண்டிருக்கும். அப்பகுதி டி1, டி2, டி3, டி4 எனப்படும் நான்கு ஆட்களங்களாக மடிந்துள்ளது. இவற்றுள் டி1 உயிரணுவின் மென்சவ்விலிருந்து மிகத் தொலைவிலும், டி4 மென்சவ்வை ஒட்டியும் அமைந்துள்ளன.

தைமசுச் சுரப்பியில் டி உயிரணுக்கள் முதிரும்போது முதலில் சிடி4, சிடி8 ஆகிய இரண்டும் அவற்றில் காணப்படுவதில்லை. அடுத்த நிலையில் இரண்டும் ஒருங்கே தோன்றும். இறுதியில் பெரும்பாலான உயிரணுக்கள் ஏதேனும் ஒன்றை மட்டும் தக்கவைத்துக்கொள்கின்றன. சிடி4-ஐத் தக்கவைப்பவை உதவி டி உயிரணுக்களாகவும், சிடி8-ஐத் தக்கவைப்பவை கொல்லும் டி உயிரணுக்களாகவும் பொதுவாக வேறுபாடடைகின்றன. நுண்ணோக்கியில் இவ்விரு வகைகளும் ஒன்றுபோலவே தோன்றும். உருவத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாத இவற்றைப் பிரித்துக்காட்டுவதே பிறபொருளெதிரியின் பணியாகும்.

பெயர்

"சிடி" என்பது வேறுபாட்டுத் திரள் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். 1980களின் தொடக்கத்தில் பல ஆய்வகங்கள் ஒரே புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தத்தம் பெயரிட்டு வெளியிட்டு வந்தன. ஒரே புரதம் ஓரிடத்தில் டி4 என்றும் மற்றோரிடத்தில் லியூ-3 என்றும் வழங்கியது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1982இல் பாரிசு நகரில் முதல் பன்னாட்டுப் பயிலரங்கு கூட்டப்பட்டது. ஒரே புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரிகள் ஒரு திரளாகத் தொகுக்கப்பட்டு, ஒவ்வொரு திரளுக்கும் ஓர் எண் அளிக்கப்பட்டது. ஆகவே சிடி எண்கள் தொடக்கத்தில் பிறபொருளெதிரிகளின் திரளையே குறித்தன. பின்னரே அவை புரதத்தின் பெயராகவும் நிலைபெற்றன.

வரலாறு

1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் சியார்சு கோலர், சீசர் மில்சுடீன் ஆகியோர் ஒரே வகைப் பிறபொருளெதிரியைத் தொடர்ந்து சுரக்கும் கலப்பின உயிரணுக்களை உருவாக்கினர். இவ்வாறு ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்கள் சுரக்கும் பிறபொருளெதிரி மோனோகுளோனல் பிறபொருளெதிரி எனப்படுகிறது. இப்பணிக்காக அவ்விருவரும் நீல்சு செர்னேயுடன் 1984ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1977இல் ஆலன் வில்லியம்சு, கால்ஃபிரே, மில்சுடீன் ஆகியோர் எலியின் டி உயிரணுக்களில் ஒரு பிரிவை மட்டும் இனங்காணும் டபிள்யூ3/25 என்ற பிறபொருளெதிரியை வெளியிட்டனர். அது பற்றிய புரதம் எலியின் சிடி4 என்பது பின்னர் தெளிவாயிற்று.

மாந்தரின் சிடி4-க்கு எதிரான ஓகேடி4 பிறபொருளெதிரி 1979இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. ஆர்த்தோ மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த பேட்ரிக் குங், கிதியோன் கோல்ட்சுடீன் ஆகியோரும், பாசுடனைச் சேர்ந்த எல்லிசு ரைன்ஹர்சு, சுடூவர்ட் சுலாசுமன் ஆகியோரும் இவ்வாய்வில் ஈடுபட்டனர். ஓகேடி4 பற்றும் டி உயிரணுக்கள் பிற உயிரணுக்களுக்கு உதவும் பணியைச் செய்வதை இவர்கள் காட்டினர். இதே வரிசையில் உருவான ஓகேடி3, உறுப்பு மாற்றச் சிகிச்சைக்கான மருந்தாக 1986இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மாந்தருக்கு மருந்தாக ஏற்கப்பட்ட முதல் மோனோகுளோனல் பிறபொருளெதிரி அதுவே.

தயாரிப்பு

முதலில் மாந்த டி உயிரணுக்கள் சுண்டெலிக்கு ஊசிவழி செலுத்தப்படுகின்றன. சுண்டெலியின் உடல் அவற்றை அயற்பொருளாகக் கருதிப் பல்வகைப் பிறபொருளெதிரிகளை உருவாக்கும். பின்னர் அதன் மண்ணீரலிலிருந்து பி உயிரணுக்கள் எடுக்கப்பட்டு, முடிவின்றிப் பெருகவல்ல மைலோமாப் புற்றுநோய் உயிரணுக்களுடன் இணைக்கப்படுகின்றன. இணையாத மைலோமா உயிரணுக்கள் குறிப்பிட்ட வளர்ப்பூடகத்தில் பிழைப்பதில்லை. இணையாத பி உயிரணுக்களும் சில நாட்களில் தாமே இறந்துவிடும். எஞ்சும் கலப்பின உயிரணுக்கள் தனித்தனியே பிரித்து வளர்க்கப்படுகின்றன. அவற்றுள் விரும்பிய புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியைச் சுரப்பது தெரிந்தெடுக்கப்படுகிறது. இவ்வுயிரணுக்களை உறையவைத்துப் பாதுகாக்கலாம் என்பதால், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே பிறபொருளெதிரியைத் தயாரிக்க இயலும்.

கண்டறியும் முறை

பிறபொருளெதிரி கண்ணுக்குப் புலப்படாதது. ஆகவே அதனுடன் ஒளிரும் சாயம் ஒன்று வேதிமுறையில் இணைக்கப்படுகிறது. ஃபுளோரசீன் வகைச் சாயமும், செம்பாசிகளிலிருந்து பெறப்படும் ஃபைக்கோஎரித்ரின் என்ற புரதமும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. 488 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல லேசர் ஒளி பட்டால் முன்னது பச்சையாகவும் பின்னது செம்மஞ்சளாகவும் ஒளிரும். எனவே ஒரே லேசரைக் கொண்டு இரண்டு புரதங்களை ஒரே நேரத்தில் அளக்க முடிகிறது.

உறைதல் தடுக்கப்பட்ட சிறிதளவு குருதியுடன் சாயமிடப்பட்ட பிறபொருளெதிரி கலக்கப்பட்டு, இருட்டில் அறை வெப்பநிலையில் சிறிது நேரம் வைக்கப்படுகிறது. அதன்பின் செங்குருதியணுக்கள் வேதிக்கரைசலால் உடைக்கப்படுகின்றன. எஞ்சும் வெண்குருதியணுக்கள் பாய்வு உயிரணு அளவி என்னும் கருவியில் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடந்து செல்லும். ஒவ்வோர் அணுவும் சிதறடிக்கும் ஒளியும் உமிழும் நிறமும் தனித்தனியே பதிவாகின்றன.

சிடி4 உதவி டி உயிரணுக்களில் மட்டும் இருப்பதில்லை. மோனோசைட்டுகளிலும் குறைந்த அளவில் அது காணப்படும். இவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால் விடை மிகையாகும். இதைத் தவிர்க்க, எல்லா டி உயிரணுக்களிலும் உள்ள சிடி3-க்கான பிறபொருளெதிரியும் உடன் சேர்க்கப்படுகிறது. சிடி3, சிடி4 ஆகிய இரண்டும் உள்ளவையே உதவி டி உயிரணுக்களாகக் கணக்கிடப்படும். எண்ணிக்கை தெரிந்த ஒளிரும் நுண்மணிகளைக் குருதியுடன் கலந்து, அவற்றோடு ஒப்பிட்டு ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் உள்ள உயிரணுக்களின் எண்ணிக்கை பெறப்படுகிறது.

எச்.ஐ.வி தொற்றும் சிடி4 எண்ணிக்கையும்

1981 சூன் 5 அன்று, லாசு ஏஞ்சலசில் ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அரிய வகை நுரையீரல் அழற்சி பற்றிய அறிக்கை அமெரிக்காவில் வெளியானது. எய்ட்ஸ் நோய் குறித்த முதல் மருத்துவ அறிக்கையாக இது கருதப்படுகிறது. அதே ஆண்டின் இறுதியில் மைக்கேல் காட்லீப் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, நோயாளிகளின் குருதியில் உதவி டி உயிரணுக்கள் ஏறத்தாழ இல்லாமற் போயிருந்ததை மோனோகுளோனல் பிறபொருளெதிரிகளைக் கொண்டு காட்டியது. நோய்க்குக் காரணமான தீநுண்மி கண்டறியப்படுவதற்கு முன்பே, அது எந்த உயிரணுவை அழிக்கிறது என்பது இவ்வாறு தெரியவந்தது.

அத்தீநுண்மி உயிரணுவினுள் நுழையும் வழியையும் இப்பிறபொருளெதிரிகளே காட்டிக்கொடுத்தன. 1984இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு குழுவினர் 155 மோனோகுளோனல் பிறபொருளெதிரிகளைச் சோதித்தனர். அவற்றுள் சிடி4-ஐப் பற்றும் 14 பிறபொருளெதிரிகள் தொற்றைத் தடுத்தன. பிரான்சிலும் அதே ஆண்டில் ஒத்த முடிவு கிடைத்தது. சிடி4 புரதமே எச்.ஐ.வி பற்றிக்கொள்ளும் ஏற்பி என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. அதற்குத் துணையாகும் இணை ஏற்பிகள் 1996இல் கண்டறியப்பட்டன.

நலமான ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்குப் பொதுவாக 500 முதல் 1500 வரை சிடி4 உயிரணுக்கள் இருக்கும். இவ்வெண்ணிக்கை 200-க்குக் கீழே குறைந்தால், பிறருக்குத் தீங்கு செய்யாத நுண்ணுயிரிகளாலும் உயிருக்கு ஊறு நேரலாம். 1993இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எச்.ஐ.வி தொற்றுடையோரில் எண்ணிக்கை 200-க்குக் கீழ் உள்ளவர்களை எய்ட்ஸ் வரையறைக்குள் சேர்த்தது.

இந்தியாவில் அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. முதலில் தொடங்கப்பட்ட மையங்களுள் சென்னையை அடுத்த தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அக்காலத்தில் யாருக்கு மருந்து தொடங்குவது என்பதைப் பெரிதும் சிடி4 எண்ணிக்கையே தீர்மானித்தது. எண்ணிக்கை வரம்புக்கு மேல் இருந்தவர்கள், நோய் முற்றியதற்கான வேறு அறிகுறிகள் இல்லாதபோது, காத்திருக்க வேண்டியிருந்தது. உலக நலவாழ்வு அமைப்பு இவ்வரம்பைப் படிப்படியாக உயர்த்தி, 2015இல் எண்ணிக்கை எதுவாயினும் தொற்றுடைய அனைவருக்கும் சிகிச்சை அளிக்கப் பரிந்துரைத்தது. இந்தியா 2017இல் இதனை ஏற்றது. எனினும் சோதனை கைவிடப்படவில்லை. நோய் முற்றிய நிலையில் வருவோரை இனங்கண்டு, காசநோய், மூளையுறை அழற்சி போன்றவற்றிலிருந்து காப்பதற்கு அது இன்றும் தேவைப்படுகிறது.

குளோன்களுக்கிடையேயான வேறுபாடு

ஒரு பிறபொருளெதிரி முழுப் புரதத்தையும் பற்றுவதில்லை. எபிடோப் எனப்படும் சிறு பகுதியை மட்டுமே அது பற்றும். எஸ்கே3, ஆர்பிஏ-டி4 ஆகியவை டி1 ஆட்களத்தைப் பற்றுகின்றன. எச்.ஐ.வி-யின் உறைப்புரதமும் அங்கேயே பிணைவதால் இவை தீநுண்மியைத் தடுக்கும். ஓகேடி4 பற்றும் இடமோ டி3 ஆட்களத்தில் உள்ளது. ஆகவே அது தீநுண்மியின் பிணைப்பைத் தடுப்பதில்லை.

இவ்வேறுபாட்டின் மற்றொரு விளைவு நோயறிதலில் முதன்மையானது. ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் சிலரிடமும் சப்பானியர் சிலரிடமும் உதவி டி உயிரணுக்களுடன் ஓகேடி4 பிணைவதே இல்லை என 1980களில் அறியப்பட்டது. ஆயினும் அவர்கள் நலமாகவே இருந்தனர். பிற சிடி4 பிறபொருளெதிரிகள் அதே உயிரணுக்களுடன் வழக்கம்போல் பிணைந்தன. சிடி4 புரதத்தின் 240ஆம் இடத்தில் ஆர்சினினுக்குப் பதிலாக டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அமைந்திருப்பதே இதற்குக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. இம்மாற்றத்தை பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்களிடம் ஓகேடி4 சிறிதும் பிணையாது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களிடம் ஒளிர்வு மங்கலாகத் தெரியும்.

ஓகேடி4-ஐ மட்டும் நம்பும் ஆய்வகம், இத்தகைய நலமான ஒருவருக்குச் சிடி4 உயிரணுக்களே இல்லை என அறிக்கை தர நேரிடும். ஆகவே சிடி4 எண்ணிக்கை சுழியமாகவோ நோயாளியின் நிலைக்குப் பொருந்தாமலோ இருந்தால், வேறு எபிடோப்பைப் பற்றும் குளோனைக் கொண்டு சோதனையை மீண்டும் செய்வது முறையாகும். சிடி3 உடையவை, ஆனால் சிடி4, சிடி8 இரண்டும் அற்றவை எனத் தோன்றும் உயிரணுக்கள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதும் இதற்கான அறிகுறியாகும்.

பிற பயன்பாடுகள்

தோலில் தோன்றும் டி உயிரணுப் புற்றுநோய்கள் பலவற்றில் புற்று உயிரணுக்கள் சிடி4 உடையவை. இழையத் துண்டுகளில் அவற்றைக் காண, நொதி வினையால் நிறமூட்டும் முறை கையாளப்படுகிறது. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதிக்கப்பட்ட இழையத்தில் புரதத்தின் வடிவம் மாறிவிடுவதால், குருதிக்கு ஏற்ற குளோன்கள் பெரும்பாலும் அங்குப் பயன்படுவதில்லை. சுண்டெலியிலிருந்து பெறப்பட்ட 4பி12, முயலிலிருந்து பெறப்பட்ட எஸ்பி35 போன்ற குளோன்கள் அதற்கெனப் பயன்படுத்தப்படுகின்றன.

மாந்த சிடி4-ஐப் பற்றும் பிறபொருளெதிரிகள் சுண்டெலியின் சிடி4-ஐப் பொதுவாகப் பற்றுவதில்லை. சுண்டெலி ஆய்வுகளுக்கு ஜிகே1.5 முதலிய தனிக் குளோன்கள் உள்ளன. இக்குளோனைச் சுண்டெலிக்குச் செலுத்தினால் அதன் சிடி4 உயிரணுக்கள் அழிவதால், அவ்வுயிரணுக்கள் இல்லாதபோது நோய் எதிர்ப்பாற்றல் எவ்வாறு அமையும் என்பதை அறிய அது உதவுகிறது.

சிடி4-ஐப் பற்றும் பிறபொருளெதிரி மருந்தாகவும் உருப்பெற்றுள்ளது. டி2 ஆட்களத்தைப் பற்றும் இபாலிசுமாப், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத எச்.ஐ.வி தொற்றுக்கான மருந்தாக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தீநுண்மி சிடி4-உடன் பிணைந்த பின்னர் உயிரணுவினுள் நுழைவதை இது தடுக்கிறது.